பஞ்சகல்யாணி

டி.பி. ரோட்டில் வடநாட்டுக் கல்யாண ஊர்வலம் ஒன்று கிளம்பிவிட்டால் அரை மணி நேரத்துக்கு வண்டி நகராது. ஆர்.எஸ்.புரத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். மார்வாடியா குஜராத்தியா என்றெல்லாம் பிரித்துப் பார்க்காமல் எல்லாரையும் "சேட்டு வீட்டுக் கல்யாணம்" என்று சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். பேண்டு வாத்தியம், தலையில் விளக்கு சுமந்து வருகிறவர்கள், ஆடுகிற மாமாக்கள், கடைசியில் முகத்தைப் பூச்சரம் மறைக்க வெள்ளைக் குதிரை மேல் மாப்பிள்ளை. சின்ன வயதில் நானும் அண்ணனும் குதிரையைப் பார்ப்பதற்காகவே மாடியிலிருந்து ஓடி வருவோம்.

இந்த ஆனி மாசம் ஒரு நாள் சாயங்காலம் அப்படி ஒரு ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டேன். மூன்றாவது மாசம். வாந்தி வருமோ என்ற பயத்தில் ஸ்கூட்டரை ஒரு ஜவுளிக்கடை ஓரமாக நிறுத்திவிட்டு நின்றேன். குதிரையும் என் பக்கத்திலேயே வந்து நின்றது. இவ்வளவு நாள் பார்த்தும் கவனிக்காத ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதன் மூக்கு ரோஸ் நிறத்தில் இருந்தது. உதடு, மூக்குத் துவாரம், கண் ஓரம் எல்லாம் அப்படியே. கடிவாளத்தைப் பிடித்திருந்த பையனிடம், "தம்பி, இதுக்கு மூக்குல ஏதாவது புண்ணா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க்கா, இது நுக்ரா. பொறவியே வெள்ளை. சாயம் போகாது" என்று சிரித்தான்.

என் கை தானாக நெற்றிக்குப் போனது. துப்பட்டா சரியாகத்தான் இருந்தது.

நெற்றி நடுவில் எனக்கு ஒரு முக்கோணம் வெள்ளையாக இருக்கும். அதற்கு நேர் மேலே உள்ள முடிக்கற்றையும் வெள்ளை. வயிற்றில் ஒரு திட்டு, இரண்டு முழங்காலிலும் திட்டு, இடது முழங்கைக்குக் கீழே ஒன்று. பிறந்ததிலிருந்து இருக்கிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்பாவுக்கு நெற்றியிலும் காலிலும். அப்பத்தாவுக்கு நெற்றியில். அண்ணனுக்கு ஒன்றுமில்லை. நான் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, பிள்ளை மேல் ஒட்டியிருக்கும் மாவுதான் என்று நினைத்து என் நெற்றியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாராம். போகவில்லை. வாசலில் நின்ற அப்பா எட்டிப் பார்த்து, "விடுங்க சிஸ்டர், அது போகாது" என்றாராம். இந்தக் கதையை எங்கள் வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அப்பா மட்டும் சிரிக்க மாட்டார்.

பார்க்கிறவர்களுக்கு இது வெண்புள்ளி. ஊரில் இன்னும் பழைய பேரைத்தான் சொல்கிறார்கள். குஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அந்தப் பேரை விடுங்கள் என்று அரசாணை வந்தும் பல வருஷங்கள் ஆகிவிட்டன. அரசாணை கல்யாண மண்டபத்துக்குள் எல்லாம் வருவதில்லை. எனக்கு இருப்பது வெண்புள்ளியும் இல்லை. அது இடையில் வருவது, பரவக்கூடியது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் நிறச் செல்களையே தாக்குவதால் வருவது. எனக்கு இருப்பது பிறவியிலேயே அந்தச் செல்கள் சில இடங்களுக்கு வந்து சேராதது. பதினான்கு வயதில் ஒரு தோல் டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: பைபால்டிசம்.

நான் பி.காம். ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. உயிரியல் பத்தாம் வகுப்போடு முடிந்தது. காலேஜ் வந்த பிறகு ஒரு நாள் அந்தச் சொல்லின் முதல் பாதியை மட்டும் தேடலில் அடித்தேன். வரிசை வரிசையாகக் குதிரைகள் வந்தன. கறுப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாக. பைபால்ட் என்பது ஆங்கிலத்தில் முதலில் அந்தக் குதிரையின் பேர். மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவையின் பேரில் பாதியும், வெள்ளை விழுந்தது என்ற பொருள்கொண்ட பழைய சொல் ஒன்றும் சேர்ந்தது. வடக்கே இப்படிப்பட்ட குதிரையை அப்லக் என்கிறார்கள். ஆக, டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்தது ஒரு குதிரையின் பேர். அன்றைக்கு அழுதேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டி.பி. ரோட்டில் அந்த ரோஸ் மூக்கைப் பார்த்த ராத்திரிதான் மறுபடியும் தேடினேன். இந்த முறை வயிற்றில் ஒரு ஆள் இருந்தது. படிக்காமல் மூட முடியவில்லை.

முதலில் நான் தெரிந்துகொண்டது, வெள்ளைக் குதிரை என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை வெள்ளையே கிடையாது. அவை சாம்பல். பிறக்கும்போது கறுப்பாகவோ, பழுப்பாகவோ, செவலையாகவோ இருக்கும். வருஷம் போகப்போக முடி வெளுக்கும். ஆறு வயதிலிருந்து பத்து வயதுக்குள் பல குதிரைகள் முழுசாக வெளுத்துவிடும். தோல் மட்டும் கறுப்பாகவே இருக்கும், மூக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும். காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாசத்தில் மயிலையாக மாறுவதைப் பார்த்து வளர்ந்த கொங்கு ஆட்களுக்கு இது பெரிய ஆச்சரியமாக இருக்காது. வழி வேறு, அவ்வளவுதான். குதிரையில் இதற்குக் காரணமான மாற்றத்தை 2008இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஒரு மரபணுவின் உள்ளே 4,600 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது. சாம்பல் குதிரைகள் எல்லாமே இந்த மாற்றத்தை ஒரே மூதாதையிடமிருந்து வாங்கியவை. ஒரு பிரதி போதும், குட்டி வெளுக்கும். கூடவே ஒரு தண்டனையும் உண்டு. பதினைந்து வயதைத் தாண்டிய சாம்பல் குதிரைகளில் நூற்றுக்கு எழுபது எண்பதுக்குத் தோலில் கறுப்புக் கட்டி வருகிறது.

இந்தச் சாம்பல் மரபணு அடியில் இருக்கும் எந்த நிறத்தையும் மூடிவிடும். நெற்றியில் சுட்டி இருந்ததா, காலில் வெள்ளை இருந்ததா என்று வயதான பிறகு சொல்ல முடியாது. இதைப் படித்தபோது அப்பத்தா ஞாபகம் வந்தது. எண்பது வயதில் அவள் தலை முழுக்கப் பஞ்சு. "பாத்தியா கண்ணு, கடைசீல எல்லாத்து தலையும் ஒண்ணாயிப் போச்சு" என்பாள். அதற்கு அவள் அறுபது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. அவளுடைய அம்மா மாசமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே போனாள் என்றும், அதனால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்றும் ஊர் சொன்னதாம். அந்தம்மாவை யாரும் போட்டோ எடுத்ததில்லை. அவள் பேர்கூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கிரகணம் மட்டும் தெரியும்.

ரோஸ் மூக்கு வெள்ளைக்கு வருகிறேன். அது இரண்டு வழியில் வரலாம். ஒன்று, க்ரீம் மரபணு. ஒரு பிரதி இருந்தால் செவலைக் குதிரை பொன்னிறமாகும். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர்ந்தால் பாலாடை நிறம், நீலக் கண். இன்னொன்று, ஆதிக்க வெள்ளை. பெரும்பாலும் கண் பழுப்பாகவே இருக்கும், ரோமமும் தோலும் நிறமே ஏறாமல் பிறக்கும். இதற்குக் காரணம் கிட் என்ற மரபணு. குதிரையின் கிட்டில் வெள்ளையை உண்டாக்கும் மாற்றங்கள் முப்பதுக்கும் மேல் கண்டுபிடித்து எண் போட்டு வைத்திருக்கிறார்கள். மனிதர்களின் பைபால்டிசத்துக்கும் அதே கிட்தான் காரணம் என்று 1991இல் கண்டுபிடித்தார்கள். எனக்கும் அந்தக் கல்யாணக் குதிரைக்கும் ஒரே மரபணுவில் எழுத்துப்பிழை என்று சொல்ல ஆசைதான். அது க்ரீம் குதிரையாகவும் இருக்கலாம். கண்ணைப் பூச்சரம் மறைத்திருந்தது.

ஏன் நெற்றி, ஏன் வயிறு, ஏன் கால்? இதைப் புரிந்துகொண்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நிறச் செல்கள் தோலிலேயே உண்டாவதில்லை. கரு உருவாகும்போது முதுகுத்தண்டு ஓரமாகப் பிறந்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் கீழே இறங்கி நடக்கின்றன. பி.ஏ.பி. வாய்க்கால் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தலைமடையில் தண்ணீர் நிச்சயம். கடைமடையில் வந்தால் உண்டு. உடம்புக்குக் கடைமடை எது என்றால் நெற்றி நடு, வயிற்று நடு, கால்கள். கிட் என்பது அந்தச் செல்களின் மேல் இருக்கும் ஒரு காது மாதிரி. "வா, இந்தப் பக்கம், செத்துப் போயிடாத" என்று வழியில் வரும் சத்தத்தைக் கேட்பது அதுதான். ஒரு பிரதி கெட்டுப்போனால் பாதிக் காது. செல்கள் கொஞ்சம் போகும், கடைசி வரை போகாது. குதிரையின் நெற்றிச் சுட்டியும் காலில் வெள்ளை சாக்ஸும் என் முழங்கால் திட்டும் ஒரே கதை. தண்ணீர் வராத கடைமடை வயல்.

திட்டுத் திட்டாக இருக்கும் டோபியானோ என்ற வகையில் கிட் மரபணு அப்படியேதான் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் குரோமோசோமில் ஒரு பெரிய துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. 2007இல் கண்டுபிடித்தார்கள். எழுத்துப்பிழை இல்லை, பக்கத்தையே தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டார்கள். இந்த வகையில் இரண்டு பிரதி இருந்தாலும் குதிரைக்கு ஒரு கேடும் இல்லை. ஆதிக்க வெள்ளையில் அப்படியில்லை. பல மாற்றங்களில் இரண்டு பிரதி சேர்ந்த கரு பிறப்பதே இல்லை என்று கருதுகிறார்கள். ஆகவே உயிரோடு நிற்கிற அப்படிப்பட்ட வெள்ளைக் குதிரை ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி மாறியது, ஒரு பிரதி சாதாரணம். அதன் ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி.

பாதிக்குப் பாதி என்பதை நான் நேரில் கேட்டது ஒரு ஆஸ்பத்திரியின் மரபியல் ஆலோசனை அறையில். அந்த டாக்டரம்மா நல்லவர். ஒரு ரூபாய் நாணயத்தை மேஜையில் வைத்தார். "ஒவ்வொரு தடவையும் புதுசா சுண்டறோம். உங்க அண்ணனுக்கு வரலைங்கறதுனால உங்களுக்கு வந்ததுன்னு இல்ல. முதல் குழந்தைக்கு வந்தா ரெண்டாவதுக்கு வராதுன்னும் இல்ல." பிறகு என் காதைச் சோதித்தார்கள். தோலுக்கு வந்தவளுக்குக் காதில் என்ன என்று எரிச்சலாக இருந்தது. பதில் குதிரையிடம்தான் கிடைத்தது. முகம் முழுக்க வெள்ளையும் நீலக் கண்ணுமாக, சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறக்கி எடுத்த மாதிரி இருக்கும் ஸ்ப்ளாஷ்ட் ஒயிட் என்ற வகையில் சில குதிரைகளுக்குக் காது கேட்காது. உள்காதிலும் நிறச் செல்கள் வேண்டும், அவை இல்லாவிட்டால் சத்தம் நரம்புக்குப் போகாது. மனிதர்களில் அதே மரபணுக்கள் கெட்டால் வேறொரு கோளாறு, அதிலும் நெற்றியில் வெள்ளை முடி வரும், கூடவே செவிட்டுத்தன்மை வரலாம். அதுவா இதுவா என்று பார்த்திருக்கிறார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. சின்ன வயதிலிருந்து முதுகுக்குப் பின்னால் பேசியதெல்லாம் கேட்டிருக்கிறது.

இன்னொன்றையும் படித்தேன், படித்திருக்க வேண்டாமோ என்று நினைத்தேன். அமெரிக்காவில் ஃப்ரேம் ஓவரோ என்று ஒரு அழகான திட்டுக் குதிரை. இரண்டு ஓவரோவைச் சேர்த்தால் நான்கில் ஒரு குட்டி முழு வெள்ளையாகப் பிறக்கும். எழுந்து நிற்கும், பால் குடிக்கும். குடலுக்கு நரம்பு போயிருக்காது. நிறச் செல்கள் கிளம்பும் அதே இடத்திலிருந்துதான் குடல் நரம்புச் செல்களும் கிளம்புகின்றன. சில நாள்கூடத் தாங்காது. 1998இல் மரபணுவைக் கண்டுபிடித்து, சோதனை வந்த பிறகு வளர்ப்பவர்கள் அந்த ஜோடிகளைத் தவிர்க்க முடிகிறது. என் வகைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டரம்மா இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறையும் கேட்டேன்.

அதற்கு மருந்தாக நான் திரும்பத் திரும்பப் பார்த்த வீடியோ ஒன்று உண்டு. ஜப்பானில் சொடாஷி என்ற பந்தயக் குதிரை. தூய்மை, ஒளி என்ற பொருளில் சமஸ்கிருதத்திலிருந்து எடுத்த பேராம். உடம்பு முழுக்க வெள்ளை. 2020 டிசம்பரில் மிக உயர்ந்த தரப் பந்தயம் ஒன்றை ஒரு மூக்கு வித்தியாசத்தில் ஜெயித்தது, அந்தத் தரத்தில் ஜெயித்த முதல் வெள்ளைக் குதிரை அதுதான். அடுத்த ஏப்ரலில் ஓகா ஷோவையும் ஜெயித்தது. அதன் பாட்டி ஷிராயுகிஹிமே 1996இல் நிறமுள்ள அப்பா அம்மாவுக்கு வெள்ளையாகப் பிறந்தது. புதிதாக விழுந்த மாற்றம், கிட்டில்தான். ஷிராயுகிஹிமே என்றால் ஸ்னோ ஒயிட். அங்கே யாரும் கிரகணத்தைக் கேட்கவில்லை.

என் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு முன்னால் மூன்று வீட்டார் பெண் பார்த்துவிட்டு பஜ்ஜி சாப்பிட்டுப் போனார்கள். இவர்கள் தெரிந்தே வந்தவர்கள். ஆனாலும் மாசமானதும் ஒரு மத்தியானம் வெங்காயம் உரித்துக்கொண்டே அத்தை கேட்டார்: "வயித்துல இருக்கறதுக்கும் வருமா கண்ணு?" பாதிக்குப் பாதி என்றேன். கொஞ்ச நேரம் உரித்தார். "பையனா இருந்தாப் பரவால்ல" என்றார். நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.

ஆடியில் அந்தியூர் போகலாம் என்றது நான்தான். குருநாதசாமி கோயில் பண்டிகையை ஒட்டி அங்கே குதிரைச் சந்தை கூடும். திப்பு சுல்தான் காலத்திலிருந்து நடப்பதாகச் சொல்வார்கள். ஐந்தாம் மாசத்தில் கூட்டத்துக்குள் எதற்கு என்று அம்மா கத்தினார். அப்பா மட்டும் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவிநாசி, பெருந்துறை, பவானி தாண்டி இரண்டரை மணி நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு மில்லில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். சேர்ந்த புதிதில் கேன்டீனில் அவர் தட்டை மட்டும் யாரோ தனியாக எடுத்து வைத்தார்களாம். அந்த வாரமே டை அடிக்க ஆரம்பித்தவர், முப்பத்தைந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறுவதில்லை. முழுக்கைச் சட்டை, பேண்ட், வீட்டில்கூட வேட்டியை மடித்துக் கட்ட மாட்டார்.

சந்தையில் கத்தியவாடி, மார்வாரி, நாட்டுக் குதிரை என்று வரிசையாகக் கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் மாடுகள். பர்கூர் மலை மாடுகள் செம்பழுப்பில் வெள்ளைத் திட்டோடு நின்றன. அந்த மாட்டுக்குத் திட்டுதான் அடையாளம், திட்டு இல்லாவிட்டால்தான் சந்தேகப்படுவார்கள். நுக்ராக்களின் கண்ணை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். ஒன்றுக்கு நீலம், இன்னொன்றுக்கு நல்ல பழுப்பு. பழுப்புக் கண்காரி என்னை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அப்பா வேறொரு குதிரை முன்னால் நின்றிருந்தார். கரும்பழுப்பு. நெற்றியிலிருந்து மூக்கு வரை வெள்ளைப் பட்டை, நாலு காலிலும் குளம்புக்கு மேல் வெள்ளை. வியாபாரி அதன் பிடரியைத் தடவிக்கொண்டே சுழி காட்டினார். எது நல்ல சுழி, எது ஆகாத சுழி என்று அவருக்கு ஒரு பெரிய கணக்கு இருந்தது. அதையெல்லாம் அப்பா கேட்ட மாதிரி தெரியவில்லை.

"வெலை ஏனுங்க இதுக்கு மட்டும் இவ்வளவு?"

"பஞ்சகல்யாணிங்க. நாலு காலு, நெத்தி, அஞ்சு எடத்துலயும் வெள்ளை பாருங்க. வாங்கற வீட்டுக்கு யோகம். இது இல்லாம இருந்தா அந்தா நிக்கிற குதிரை வெலைதானுங்க."

அப்பா அந்தக் குதிரையின் முன்னங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம். பிறகு கேட்டார், "இதுக்குக் குட்டி போட்டா, குட்டிக்கும் வருமுங்களா?"

"சொல்ல முடியாதுங்க. வந்தா வரும், வராட்டி இல்லீங்க. வந்துச்சுன்னா உங்க அதிர்ஷ்டம்."

அவர் சொன்னது சரி. சுட்டியும் கால் வெள்ளையும் ஒரே மரபணுவின் வேலை இல்லை. பல மரபணுக்கள் சேர்ந்து செய்கின்றன, மிச்சத்தைத் தற்செயல் செய்கிறது. குளோனிங் செய்து உண்டாக்கிய குதிரைகளுக்குக்கூட கால் வெள்ளை ஒன்றுபோல் அமைவதில்லை. இதை அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வியாபாரி என் பக்கம் திரும்பி, "அம்மிணி, மாசமா இருக்கறீங்க, வெயில்ல நிக்காதீங்க, இப்படி வாங்க" என்று ஒரு கட்டிலை இழுத்துப் போட்டார். என் துப்பட்டா எப்போது நழுவியது என்று தெரியவில்லை. அவர் என் நெற்றியைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. குதிரையைத் தொட்டுக் கும்பிடச் சொன்னார். தொட்டேன். வெள்ளை முடியும் மற்ற முடியும் கைக்கு ஒன்று போலத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது பெருந்துறை தாண்டி அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அம்மிச்சி வீட்டுப் பக்கம் யாருக்கும் இல்லைல்ல?" இல்லை என்றேன். "அப்ப என்னோடதுதான்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் டை கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார், எப்போதும்போல. குனிந்து பிரஷ் பிடிக்க அவருக்கு இப்போதெல்லாம் தோள் வலிக்கிறது. நான் வாங்கி அடித்துவிட்டேன். நெற்றிக்கு மேல் இருக்கிற அந்தக் கற்றையை நான் அதற்கு முன்னால் கையில் பிடித்ததில்லை. சுற்றிலும் நரைத்த முடி. இப்போது எது நரை, எது பிறவி என்று பிரித்துச் சொல்வதே கஷ்டம். அடிக்காமல் விட்டால்கூட யாருக்கும் தெரியாது. அவரிடம் அதைச் சொல்லவில்லை.

"பொறந்த உடனே தெரிஞ்சுருமா?" என்றார்.

"தெரியும்ப்பா."

"மாவு மாதிரி இருக்கும். துடைச்சுக்கிட்டே இருப்பாங்க" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் வாசல்லயே நிக்கறேன்" என்றார்.

மார்கழியில் தேதி கொடுத்திருக்கிறார்கள்.